அந்த ஒரு ராத்திரி எந்தக் கட்டத்தில் வரும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா, எனக்கு 27 வயது. 2021-ல் ஒரு ராத்திரி, பைபாஸ் சந்திப்பில் சட்டையில்லாமல் நின்று லாரிகளைக் கைகாட்டி நிறுத்தியிருக்கிறேன். அதற்கு முன் ஐந்து நாள் தூக்கமில்லை; தூங்கவில்லையே என்ற கவலையும் இல்லை. ஊர்ப் போக்குவரத்தே என் விரலசைவில்தான் ஓடுகிறது என்று நம்பினேன். ஒரு கார்க்காரர் இறங்கி வந்து திட்டினார். நானும் கெட்ட வார்த்தையில் திட்டி, நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டேன். போலீஸ் வந்து கூட்டிப்போனார்கள். கெட்ட வார்த்தை பேசியதற்கு 294-பி, கைவைத்ததற்கு 323, மிரட்டியதற்கு 506(1) என்று எஃப்.ஐ.ஆர். மறுநாள் மதியம் ஸ்டேஷன் பெயிலில் அக்கா வந்து அழைத்துப்போனாள். அடுத்த வாரம் மனநல மருத்துவமனையில் 18 நாள் இருந்தேன். பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய் என்றார்கள். அன்றிலிருந்து அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். நாலு வருடத்துக்கு மேலாகப் பிரச்சினை ஏதும் இல்லை.

கேஸ் ஆறேழு மாதம் கழித்து கோர்ட்டுக்கு வந்தது. வக்கீல், "ஜட்ஜ் கேட்டா ஆமான்னு சொல்லு, இன்னையோட முடிஞ்சுரும்" என்றார். சொன்னேன். ஏதோ பணம் கட்டினோம். அத்தோடு முடிந்தது.

இப்போது குரூப் 4 தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்பு வரை வந்துவிட்டேன். இன்னொரு பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது; மாற்றி மாற்றி ஷிஃப்ட், நைட்டும் உண்டு. இரண்டு இடத்திலும் ஃபாரம் நீட்டுகிறார்கள். "கேஸ்தான் முடிஞ்சுபோச்சே, இல்லைன்னு போடு" என்கிறான் நண்பன். "நோயாலதான் அப்படி நடந்துச்சுன்னு எல்லாத்தையும் விளக்கமா எழுதிரு, இரக்கப்படுவாங்க" என்கிறார் அப்பா. மெடிக்கலில் லித்தியம் தெரிந்துவிடுமோ என்று மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். வேலைக்குச் சேரும்போது எடுக்கும் வழக்கமான ரத்த, சிறுநீர்ப் பரிசோதனையில் லித்தியம் தெரியாது. அதற்கென்று தனியாக எழுதிக் கொடுத்தால்தான் பார்ப்பார்கள். ஆனால் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் மேனியா, அதாவது அன்று மனம் கட்டுமீறி ஓடிய அந்த நிலை, திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது மனநல மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. வேலை கிடைக்க வேண்டும் என்று நிறுத்தி, மறுபடி அந்தச் சந்திப்பில் போய் நிற்க வேண்டாம்.

இப்போது ஃபாரத்துக்கு வருவோம். 26 வருடம் அரசு அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் இருந்தேன். புதிதாகச் சேருகிறவர்களின் ஃபாரங்கள் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். அந்தப் பழக்கத்தில் உங்கள் கடிதத்தையும் ஒரு ஃபைல் மாதிரிதான் படித்தேன். இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

முதல் கோடு, "ஆமான்னு சொல்லு" என்ற இடத்தில். உங்கள் நண்பர் நினைப்பதுபோல் 'முடிஞ்சுபோச்சு' என்பது ஒரு முடிவல்ல. வழக்கு நாலைந்து விதமாக முடியும். போலீஸே குற்றப்பத்திரிகை போடாமல் மூடியிருக்கலாம். எதிர்த்தரப்போடு சமரசமாகப் போயிருந்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். விசாரணை நடந்து விடுதலை ஆகியிருக்கலாம். அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருக்கலாம். இந்தக் கடைசி ரகம், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தண்டனைதான். உங்கள் கடிதத்தில் அந்தக் கார்க்காரர் கோர்ட்டுக்கு வந்ததாக ஒரு வரிகூட இல்லை. ஜட்ஜ் கேட்டார், ஆமாம் என்றீர்கள், பணம் கட்டினீர்கள். இதைப் படிக்கும்போது, சமரசம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது ஒப்புதல் அபராதமாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். போதாததற்கு, 323-க்கும் 506-க்கும் எதிர்த்தரப்போடு சமரசமாகப் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது. 294-பி அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அதனால் எந்த ஃபாரத்திலும் பேனா வைப்பதற்கு முன் தீர்ப்பின் நகலை வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நம்பரும் வருடமும் போலீஸ் ஸ்டேஷன் பெயரும் தெரிந்தால் போதும். ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நம்பரைப் போட்டோ உங்கள் பெயரைப் போட்டோ தேடலாம். வழக்குக்கு 16 எழுத்து எண் கொண்ட ஒரு சி.என்.ஆர். நம்பர் வரும். அதை எடுத்துக்கொண்டு அந்த கோர்ட்டில் நகல் மனு போட்டு, சர்ட்டிஃபைடு காப்பி வாங்குங்கள். வக்கீலிடம் ஃபோனில் கேட்டுவிட்டு எழுதாதீர்கள். அன்றைக்கு அவருக்கு இது பத்தோடு பதினொன்று. ஈகோர்ட்ஸில் உங்களால் தேட முடிந்தால் கம்பெனி வைத்திருக்கும் பின்னணி விசாரிப்பு ஏஜென்சியாலும் தேட முடியும் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், ஃபாரத்தில் உள்ள கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். மத்திய அரசு வேலைக்கான அட்டெஸ்டேஷன் ஃபாரத்தைப் பாருங்கள்: எப்போதாவது கைதானீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, கோர்ட்டில் அபராதம் கட்டினீர்களா, தண்டனை பெற்றீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். 'கைதானீர்களா' என்ற கேள்விக்கு, வழக்கு எப்படி முடிந்திருந்தாலும் உங்கள் பதில் 'ஆம்' தான். 'நிலுவையில் வழக்கு உண்டா' என்று மட்டும் ஒரு கம்பெனி கேட்டால், முடிந்த வழக்குக்கு 'இல்லை' என்பது பொய் அல்ல. இது என் சொந்த வியாக்கியானம் இல்லை. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொன்னது: கேட்ட தகவலை மறைக்கக்கூடாது; கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும், குறிப்பாகக் கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டக்கூடாது. இளவயதில் கோஷம் போட்டது மாதிரி அற்ப வழக்கில் தண்டனையே ஆகியிருந்து, அதை மறைத்திருந்தாலும்கூட, வேலை கொடுப்பவர் மன்னித்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கவனியுங்கள், எடுத்துக்கொள்ள*லாம்*. எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. உண்மையைச் சொன்ன பிறகும் உங்கள் வழக்கை எடைபோடும் உரிமை அவர்களுக்கு உண்டு.

எடைபோடும்போது பெட்டி கேஸ் பெட்டி கேஸாகத்தான் தெரியும். அதை மறைத்தது தெரியவந்தால்தான் அது பெரிதாகிறது. ஒரு பையனின் ஃபாரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். எழுத்து கொஞ்சம் மேடாக இருக்கவே, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வைட்னருக்கு அடியில் 'ஆம்' என்று இருந்தது. முதலில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறான். பக்கத்தில் யாரோ ஒரு புத்திசாலி சொல்லி அழித்திருக்கிறான். மாவட்டப் போலீஸ் அறிக்கை வந்தது. காலேஜில் பஸ் மறியல், அவ்வளவுதான். 'ஆம்' என்று விட்டிருந்தால் நானே சாதகமாகக் குறிப்பு எழுதியிருப்பேன். கடைசியில் மறைத்ததற்காக நியமனம் ரத்தானது. ரத்து செய்யும் உத்தரவை டைப் செய்ததும் எங்கள் செக்‌ஷன்தான்.

டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்திலேயே குற்ற வழக்கு பற்றிக் கேள்வி உண்டு. அதில் என்ன போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதாமல் விட்டதால் 'இல்லை' என்று போட்டிருப்பீர்களோ என்று தோன்றுகிறது. தப்பாக நினைத்திருந்தால் மன்னியுங்கள். அப்படிப் போட்டிருந்தால், போலீஸ் அறிக்கை வருவதற்கு முன்னால் நீங்களே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்; பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதில் கதை வேண்டாம். "இன்ன தேதியில் கொடுத்த விண்ணப்பத்தில் குற்ற வழக்கு பற்றிய கேள்விக்கு நான் அளித்த பதில் தவறானது. இன்ன காவல் நிலையக் குற்ற எண் இத்தனை/2021-ல் கைதாகி, மறுநாள் பிணையில் வந்தேன். வழக்கு இன்ன நீதிமன்றத்தில் இன்ன தேதியில் இவ்வாறு முடிந்தது. தீர்ப்பின் நகல் இணைத்துள்ளேன்." நாலு வரி. அவர்கள் கண்டுபிடித்ததாக இல்லாமல் நீங்கள் சொன்னதாக அது ஃபைலில் ஏற வேண்டும். இதையும் அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகப் பார்த்துக் கொடுப்பார்கள். 15100-க்கு ஃபோன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

நல்லவேளை, நீங்கள் போலீஸ் வேலைக்குப் போகவில்லை. அங்கே விதியே வேறு. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட நிராகரிக்கலாம் என்று 2008-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. இளநிலை உதவியாளர், தட்டச்சர் வேலைக்கு அந்த அளவு கெடுபிடி கிடையாது.

அடுத்து அப்பா சொன்ன யோசனை. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் கேட்காதீர்கள். கேஸுக்குக் காரணம் நோய்தான். அதனாலேயே இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று தோன்றும். ஆனால் ஃபாரத்தில் கேஸுக்குத்தான் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நோயையும் எழுதினால், நாலு வரிப் பெட்டி கேஸாகப் பார்க்க வேண்டியதை 'மறுபடி இப்படி ஆகிவிட்டால்?' என்ற பயத்தோடு பார்க்க ஆரம்பிப்பார்கள். இரக்கம் ஃபைலில் ஏறாது தம்பி, பயம் ஏறும். 2003-ல் நான் மன அழுத்த நோய்க்காக இரண்டு மாதம் மருத்துவ விடுப்பு எடுத்தேன். டாக்டர் நல்ல மனுஷர், சான்றிதழில் நோயின் பெயரோடு மாத்திரை விவரமும் எழுதிக் கொடுத்துவிட்டார். அது நாலு மேஜை தாண்டிப் போனது. நான் திரும்பி வந்தபோது முக்கியமான ஃபைல் எதுவும் என்னிடம் வரவில்லை. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை. 'மேடம், ரெஸ்ட் எடுங்க' என்பார்கள். அந்த 'ரெஸ்ட்' ஒன்றரை வருடம் ஓடியது.

மனநல மருத்துவமனையில் இருந்த உங்கள் விவரம் உங்கள் சொத்து. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. ஏஜென்சிக்காரர் கேட்டதும் மருத்துவமனை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து இப்போதும் நோயாளி என்று முடிவு கட்டக்கூடாது. மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கோர்ட் சொன்னால்தான் அது. இவையும் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் இருக்கின்றன. இன்னொன்றும் அதில் இருக்கிறது, படித்தால் உங்களுக்கு வயிறு எரியும்: மனநோய் இருப்பதாகத் தோன்றி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்; லாக்கப்பில் வைக்கவே கூடாது என்கிறது 100-ஆம் பிரிவு. அன்று சட்டையில்லாமல் லாரி நிறுத்திக்கொண்டிருந்த பையனைப் பார்த்த யாருக்காவது அது ஞாபகம் வந்திருந்தால், இந்தக் கடிதமே வந்திருக்காது.

அதற்காக நோயைப் பற்றி ஒரு நாளும் வாயே திறக்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஃபாரமோ, மெடிக்கல் டாக்டரோ நேராகக் கேட்டால் பொய் வேண்டாம். உடல்தகுதிச் சான்றிதழின் பழைய வாசகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 'இன்னது தவிர வேறு நோய் ஏதும் காணப்படவில்லை' என்று ஒரு வெற்றிடம் விட்டு, அடுத்த வரியிலேயே 'இதனை இப்பணிக்குத் தகுதிக் குறைவாக நான் கருதவில்லை' என்று இருக்கும். அந்த இரண்டாவது வரிதான் உங்களுக்கு வேண்டியது. உங்கள் மனநல மருத்துவரிடம் ஒரு பத்தியில் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: இத்தனை வருடமாக என் சிகிச்சையில் இருக்கிறார், நிலையாக இருக்கிறார், இந்த வேலை செய்யத் தகுதியானவர். 2021 ராத்திரிக் கதை அதில் வேண்டாம். லித்தியத்தால் கை லேசாக நடுங்குமானால் டாக்டர் அதைப் பார்த்துக் கேட்கக்கூடும். அப்போது பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தால் போதும்.

வழக்கைக் காரணம் காட்டி 'ஏன் உங்களை நிராகரிக்கக்கூடாது' என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், அது வேறு விஷயம். அங்கே நோயைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரியோடு. 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனநோய் உள்ள ஒரு சி.ஆர்.பி.எஃப். அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கையை மறைமுகப் பாகுபாடு என்றது. நடந்த காரியத்துக்கு நோயே முழுக் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, ஒரு காரணமாக இருந்தாலே போதும் என்றும் சொன்னது. அது வேலையில் இருந்தவரின் வழக்கு, உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் உங்கள் வக்கீல் எடுத்துப் பேச அது ஒரு பிடி.

இரண்டாவது பென்சில் கோட்டை மறந்துவிட்டேனே. அது 'நைட்டும் உண்டு' என்ற இடத்தில். உண்மையில் உங்கள் கேஸைவிட எனக்கு இதுதான் கவலை. உங்கள் முதல் மேனியாவே ஐந்து நாள் தூக்கமில்லாமல் வந்தது. தூக்கம் கெட்டால் பைபோலார் கிளம்பும் என்பது உங்கள் டாக்டருக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆஃபரைப் பற்றி அவரிடம் கேட்டீர்களா? வாரா வாரம் ஷிஃப்ட் மாறும் வேலை உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அரசு நியமனம் தள்ளிப்போனால் பகல் ஷிஃப்ட் மட்டும் தருவார்களா என்று கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டி வந்தால், 'தூக்கம் ஒழுங்காக இருக்க வேண்டிய ஒரு உடல்நிலை, டாக்டர் கடிதம் இருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரசு வேலைக்குப் போன பிறகு இதே சலுகையைக் கேட்க 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ளதுதான்.

நகல் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். 'நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்து விடுவிக்கப்பட்டார்' என்று அதில் இருந்தால் முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. அப்படியென்றால் நான் மேலே எழுதியதில் பாதியை நீங்கள் அடித்துவிடலாம்.

கேள்வி: என் மகள் போன வருடம் மாத்திரைகளை விழுங்கிவிட்டாள். காப்பாற்றிவிட்டார்கள், இப்போது கவுன்சலிங் போகிறாள், நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். இந்த மாதம் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறாள். அவள் பேரில் போலீஸ் ரெக்கார்டு இருக்குமா?

— ஒரு தாய்

பதில்: அக்கா, முதலில், அவள் நன்றாக இருக்கிறாள் என்று நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இந்த மாதிரி ஒருவர் வந்தால் மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுக்கும். போலீஸ்காரரும் வந்து எழுதிக்கொண்டு போவார். அது வழக்கமான நடைமுறை. தகவல் எழுதியது வேறு, வழக்குப் போட்டது வேறு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக்கூடாது என்கிறது மேலே சொன்ன அதே மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கிடையாது. மகளைக் கைது செய்யவில்லை, எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால், கைதானீர்களா, வழக்கு உண்டா என்ற கேள்விகளுக்கு 'இல்லை' என்பதுதான் உண்மையான பதில். தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். உங்கள் மனத்திருப்திக்கு ஸ்டேஷனில் ஒருமுறை விசாரிக்கலாம். நீங்களோ அவள் அப்பாவோ போங்கள், அவளை அனுப்பாதீர்கள்.

தேர்வு முடிவு வரும் வாரத்தில் அவளைத் தனியாக விடாதீர்கள். ராத்திரியில் அவளுக்கோ உங்களுக்கோ மனசு தாங்கவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கேள்வி: பேனிக் அட்டாக் தொல்லையால் படிப்பில் இரண்டு வருடம் விட்டுப்போனது. இன்டர்வியூவில் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல?

— வாசகி

பதில்: "உடம்பு சரியில்லாமல் இருந்தேன், சிகிச்சை முடிந்து திரும்பி வந்து படிப்பை முடித்தேன்." இதைச் சொல்லிவிட்டு, முடித்த வருடத்தில் செய்த ப்ராஜெக்ட்டுக்குப் பேச்சைத் திருப்பிவிடுங்கள். என்ன உடம்புக்கு என்று திரும்பக் கேட்டால், "இப்போது வேலைக்குத் தடையான எதுவும் இல்லை சார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் நின்று ஒரு பத்துத் தடவை சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். முதல் மூன்று தடவை குரல் கம்மும்.